தொண்டை கட்டிய நாளில் யார் பாடுவது?

ஆடி பிறந்துவிட்டால் மேனாம்பேடு, கருக்கு, கள்ளிக்குப்பம் பக்கமெல்லாம் தெருவை அடைத்துப் பந்தல் போட்டுவிடுவார்கள். பகலில் கூழ் வார்ப்பு, மாலையில் அம்மன் ஊர்வலம், இரவில் பாட்டுக் கச்சேரி. மேடையில் ஒரு கீபோர்டு, ரிதம் பேட், தபேலா, கிடார், ஆணும் பெண்ணுமாக இரண்டு மூன்று குரல்கள். பாடுகிறவர்களில் பலருக்குப் பகலில் வேறு வேலை உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடித்து, பஸ் பிடித்து வந்து, முகம் கழுவிக்கொண்டு மேடை ஏறுகிறவர்கள் அவர்கள். சம்பளம் நிகழ்ச்சிக் கணக்கு. பாடினால் உண்டு, பாடாவிட்டால் இல்லை. வருஷத்தில் அந்தச் சில வாரங்கள்தான் அவர்களுக்கு அறுவடை. வீட்டுக்கு வீடு சளியும் காய்ச்சலும் சுற்றிவருகிற காலமும் அதுவே.

அதனால்தான் இந்தப் பக்கத்து டீக்கடைகளில் ஆடி மாதம் முழுக்க ஒரு கேள்வி காதில் விழுந்துகொண்டே இருக்கும். “நாளைக்குப் புரோகிராம். தொண்டை கட்டியிருக்கு, உடம்பு லேசா கொதிக்குது. பாடலாமாண்ணா?”

உட்காருங்கள், ஒரு டீ சொல்வோம். ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதி தொண்டைக்கு வெளியே, நம்மைச் சுற்றி இருப்பவர்களிடம் இருக்கிறது.

குரல்வளைக்குள் இரண்டு சின்ன மடிப்புகள் இருக்கின்றன. குரல்நாண்கள் என்கிறோம். பெண்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், ஆண்களுக்கு இரண்டு சென்டிமீட்டர் போல. நுரையீரலிலிருந்து மேலே வரும் காற்று இந்த இரண்டையும் திறந்து மூட வைக்கிறது. அந்த அதிர்வுதான் குரல். ஐந்து கட்டையில் பாடும் ஒரு பெண் மத்திய ஸ்தாயி ஸட்ஜத்தைப் பிடித்தால் அவை வினாடிக்குச் சுமார் 196 முறை ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. மேல் ஸட்ஜத்தில் அது 392 முறை. ஒரு கச்சேரியில் மொத்தமாக ஒரு மணி நேரம் குரல் ஒலித்தது என்றால், சராசரி வினாடிக்கு 250 என்று வைத்தாலும், ஒன்பது லட்சம் மோதல்கள். நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும்போதே இவ்வளவு உழைப்பு.

சளி பிடித்து தொண்டை கட்டும்போது இந்த மடிப்புகள் வீங்குகின்றன. வீணையில் தடித்த தந்தி கீழ் ஸ்வரத்தையும் மெல்லிய தந்தி மேல் ஸ்வரத்தையும் தருவதுபோல, வீங்கித் தடித்த குரல்நாண் கீழே இறங்கிவிடும். அதனால்தான் சளி பிடித்த காலையில் பேச்சு கனத்துக் கேட்கிறது. கீழ் ஸ்வரங்கள் வழக்கத்தைவிடச் சுலபமாகக்கூட வரும். முதலில் போவது மேல் ஸ்தாயி. அதைப் பிடிக்கப் பாடகர் இன்னும் பலமாகக் காற்றைத் தள்ளுகிறார். தள்ளத் தள்ள மோதல் பலக்கிறது, மோதல் பலக்கப் பலக்க வீக்கம் கூடுகிறது. மூக்கும் காதும் அடைத்திருந்தால் தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காது. அதற்காகவும் சத்தத்தைக் கூட்டுவார். பக்கத்தில் பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் அலறுகிற தெருக் கச்சேரியில் இது இரண்டு மடங்கு.

இப்படித் தள்ளும்போது குரல்நாணில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய் ஒன்று வெடித்துவிடலாம். ஒரு பாட்டின் நடுவில், ஒரே நொடியில், குரல் போய்விடும். அப்படி நடந்தால் அன்றே பாட்டை நிறுத்திவிட்டு, மருத்துவர் சொல்லும்வரை பேசாமல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் பாடினால் தழும்பு விழும். குரல்நாணில் விழும் தழும்பைச் சரிசெய்வது மருத்துவத்தில் இன்றைக்கும் கடினமான காரியம்.

“அப்போ இஞ்சி டீயும் மிளகுப் பாலும் வேஸ்ட்டா?” என்று கேட்பீர்கள். வேஸ்ட் இல்லை. ஆனால் அவை குரல்நாணைத் தொடுவதில்லை. நாம் விழுங்குவது எதுவும் உணவுக் குழாய்க்குப் போகிறது. தப்பித் தவறி ஒரு சொட்டு குரல்நாண் பக்கம் போனால் புரையேறி இருமித் தள்ளிவிடுவோம். பனங்கற்கண்டு, அதிமதுரம், சித்தரத்தை எல்லாம் தொண்டையின் மேல் பகுதிக்கு இதம் தருகின்றன, உமிழ்நீரை ஊற வைக்கின்றன, வறட்டு இருமலைத் தணிக்கின்றன. இருமல் குறைந்தாலே குரல்நாணுக்குப் பெரிய ஓய்வு, ஏனென்றால் ஒவ்வொரு இருமலும் அதற்கு ஓர் அடி. செருமுவதும் அப்படியே. குரல்நாண் வரைக்கும் நேராகப் போவது நாம் மூச்சில் இழுக்கும் ஆவி. மருந்து எதுவும் கலக்காத வெறும் வெந்நீர் ஆவி போதும். தண்ணீரும் முக்கியம்தான். ஆனால் மேடை ஏறும்போது ஒரு பாட்டில் குடித்தால் அது அந்த இரவுக்கு உதவாது. முதல் நாளிலிருந்தே குடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மாத்திரை விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். வீங்கிய குரல்நாணில் குழாய் வெடித்தால் கசிவு அதிகமாகும். பெண்களுக்கு இது கூடுதல் கவனம் வேண்டிய இடம். மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் குரல்நாணின் ரத்தக் குழாய்கள் இயல்பாகவே புடைத்திருக்கும். அதே நாட்களில் வயிற்று வலிக்கு நம் ஊரில் எல்லோரும் போடுகிற மெஃபனமிக் அமில மாத்திரையும் அந்த வகையைச் சேர்ந்ததே. ஐரோப்பிய ஒபேரா அரங்குகள் சிலவற்றில் அந்த நாட்களில் பாடகிகளுக்கு மேடையிலிருந்து விடுப்பு தரும் வழக்கமே இருந்தது. மூக்கொழுகலை நிறுத்தும் அலர்ஜி மாத்திரைகள் தொண்டையையும் சேர்த்து உலர்த்திவிடும். மரத்துப்போகச் செய்யும் தொண்டை மிட்டாய்கள் வலியை மறைக்கும். வலி தெரியாதவர் எவ்வளவு தள்ளுகிறோம் என்று அறியாமல் தள்ளுவார். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில மணி நேரத்தில் வீக்கம் வடிந்து குரல் திறந்துகொள்ளும். குரல்நாணைக் கருவி வைத்துப் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர் முடிவெடுத்துப் போட வேண்டிய மருந்து அது. பார்க்காமல் போட்டுக்கொண்டு மேடை ஏறுவது ஆபத்து. வீக்கம் மட்டும் வடிந்து, உள்ளே இருக்கும் காயம் அப்படியே இருக்கலாம்.

இதைவிடப் பெரிய மருந்து ஒன்று மேடையிலேயே இருக்கிறது. “மேடை ஏறிட்டா எல்லாம் சரியாயிடும்” என்று பழைய பாடகர்கள் சொல்வார்கள். அது பொய்யில்லை. விளக்கும் கைத்தட்டலும் உடம்பில் அட்ரினலினைச் சுரக்க வைக்கின்றன. வலி மங்குகிறது, மூக்கடைப்பு விலகுகிறது, மூச்சு விரிகிறது. மூன்று மணி நேரம் காய்ச்சல் இருந்த இடமே தெரியாது. ஆனால் அட்ரினலின் நோயை மறைக்கிறது, அவ்வளவுதான். நோய் உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

இத்தாலியப் பாடகர் என்ரிகோ கரூஸோ தன் காலத்தில் உலகிலேயே அதிகம் கொண்டாடப்பட்ட குரல். 1920 டிசம்பர் 11 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் அரங்கில் பாடிக்கொண்டிருந்தபோது அவருக்கு வாயில் ரத்தம் வந்தது. மேடை ஓரத்திலிருந்து கைக்குட்டைகளை நீட்டிக்கொண்டே இருந்தார்கள். அவர் துடைத்துத் துடைத்து அந்த அங்கம் முடியும்வரை பாடினார். அதற்குப் பிறகாவது நின்றாரா என்றால் இல்லை. டிசம்பர் 24 வரை இன்னும் மூன்று முறை மேடை ஏறினார். நுரையீரலைச் சுற்றிய உறையில் தொற்று பரவி, அடுத்த ஆகஸ்ட் 2 அன்று நேப்பிள்ஸில் 48 வயதில் இறந்தார்.

நூறு வருஷத்துக்கு முந்தைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2022 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். 28-ம் தேதி ஆலப்புழையில் ஓர் இசைக் குழுவின் பொன்விழா மேடையில் பாடிக்கொண்டிருந்த மூத்த கானமேளைப் பாடகர் எடவா பஷீர் அங்கேயே சரிந்து விழுந்து உயிர்விட்டார். மூன்று நாள் கழித்து, 31-ம் தேதி, கொல்கத்தாவின் நஸ்ருல் மஞ்ச் அரங்கில் கே.கே. பாடினார். நம் ஊர்க் கச்சேரிகளில் இன்றைக்கும் கூட்டத்தை எழுப்பி ஆட வைக்கும் ‘அப்படிப் போடு’ பாட்டின் ஆண் குரல் அவருடையது. நெரிசலும் புழுக்கமுமாக இருந்த அரங்கில் வியர்த்துக் கொட்டப் பாடி முடித்து, ஓட்டலுக்குத் திரும்பினார். அன்றிரவே இறந்துபோனார். வயது 53. மாரடைப்பு என்றது பிரேதப் பரிசோதனை. அவருக்கு உடம்பு சொல்லியிருக்கக்கூடிய செய்தியை மேடையின் வேகம் கேட்க விடாமல் செய்திருக்கலாம் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

செம்பை வைத்தியநாத பாகவதரை உதாரணம் காட்டிச் சிலர் வாதாடுவார்கள். ஒரு காலத்தில் குரலே போய், சிகிச்சையாலும் குருவாயூரப்பன் மேல் வைத்த நம்பிக்கையாலும் மீண்டும் பாடியவர் அவர். 1974 அக்டோபர் 16 அன்று ஒற்றப்பாலம் அருகே பூழிக்குன்று கிருஷ்ணன் கோயிலில் கச்சேரி செய்துவிட்டு அன்றே காலமானார். எழுபது வயதைக் கடந்து, வாழ்நாள் முழுக்கப் பாடி நிறைந்த ஒருவருக்கு வாய்த்த முடிவு அது. கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் வீட்டு வாடகைக்காகக் காய்ச்சலோடு வண்டி ஏறுகிற இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் அதைச் சொல்லித் தைரியம் கொடுக்கக் கூடாது. அவளுக்கு இன்னும் முப்பது ஆடி மாதம் பாக்கியிருக்கிறது.

சரி, எப்போது பாடலாம், எப்போது கூடாது? கழுத்துக்கு மேலே நிற்கிற தொந்தரவு, அதாவது மூக்கடைப்பு, லேசான தும்மல், குரலில் மாற்றம் இல்லை என்றால், கவனமாகப் பாடலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சில் சளி, மூச்சிரைப்பு, நெஞ்சு வலி இவற்றில் எது இருந்தாலும் கூடாது. சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையையும் தொடும்; அப்போது உடம்பை வருத்தினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். டைபாய்டு, டெங்கு என்றால் பேச்சே வேண்டாம். குரல் கரகரத்திருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். மேல் ஸ்தாயியில், குழந்தையைத் தூங்கவைக்கிற அளவு மெல்லிய சத்தத்தில், ஒரு வரி பாடுங்கள். சத்தமாகப் பாடினால் வருகிற ஸ்வரம் மென்மையாகப் பாடும்போது வராமல் வெறும் காற்றாக வந்தால், குரல்நாண் வீங்கியிருக்கிறது என்று பொருள். அன்றைக்கு வேண்டாம். கரகரப்பு மூன்று நான்கு வாரமாகியும் போகவில்லை என்றால், பாட்டுக்காரரோ இல்லையோ, மருத்துவரிடம் குரல்வளையைக் காட்டிவிட வேண்டும்.

பாடலாம் என்று முடிவானால், எப்படிப் பாடுவது என்பதிலும் விவரம் உண்டு. கீபோர்டுக்காரரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். ட்ரான்ஸ்போஸ் பட்டனை ஒன்றோ இரண்டோ அழுத்தினால் மொத்தப் பாட்டும் அரைக் கட்டை, ஒரு கட்டை கீழே இறங்கிவிடும். கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியாது. கிடார்காரர் மட்டும் கையை மாற்றி வாசிக்க வேண்டியிருக்கும். கர்நாடகக் கச்சேரியில் இது இன்னும் முன்கூட்டியே சொல்ல வேண்டிய சமாச்சாரம். சுருதிப் பெட்டியை இறக்குவது நொடி வேலை, வயலின் தந்தியை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மிருதங்கம் ஒரு சுருதிக்கென்று கட்டியது, வித்வான் வேறு வாத்தியம் எடுத்துவர வேண்டும். பாட்டு வரிசையை மாற்றுங்கள். முதல் அரை மணி நேரம் கீழ் ஸ்தாயிப் பாட்டுகள், உச்சத்துக்குப் போகிறவற்றை வேறொரு குரலுக்குக் கொடுத்துவிடுங்கள். மானிட்டர் ஸ்பீக்கரில் உங்கள் குரலை ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். காதில் விழுந்தால் தொண்டை தானாகவே அடங்கும். பாட்டுக்கு நடுவில் மைக்கில் பேசுவதை அறிவிப்பாளரிடம் விட்டுவிடுங்கள். முடிந்த பிறகு வேனில் கிசுகிசுவென்று பேசினால் ஓய்வு என்று நினைக்காதீர்கள். அழுத்திக் கிசுகிசுப்பதும் குரல்நாணை இறுக்கும். வாய் மூடி இருப்பதே ஓய்வு. பதினொரு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு உடனே படுத்தால், வயிற்று அமிலம் மேலேறி வீங்கிய இடத்தையே இன்னும் புண்ணாக்கும்.

இவ்வளவும் தெரிந்த பாடகருக்கே ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அவர் தனியாக நிற்கிறார். அட்வான்ஸ் கைமாறிவிட்டது, பேனரில் படம் அடித்துவிட்டார்கள். வரவில்லை என்றால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள். இந்த நிலையில் அவர் எடுப்பதை முடிவு என்றே சொல்ல முடியாது.

உலகப் புகழ்பெற்ற பாடகியும் இதே இடத்தில் நின்றிருக்கிறார். 1958 ஜனவரி 2, ரோம் ஒபேரா அரங்கு. இத்தாலிய ஜனாதிபதி ஜியோவன்னி க்ரோன்கியே பார்வையாளராக வந்திருந்தார். மரியா காலாஸுக்கு உடம்பு சரியில்லை. மூச்சுக் குழாய் அழற்சி. அவருக்கு மாற்றாகப் பாட யாரையும் அரங்கு தயாராக வைத்திருக்கவில்லை. அதனால் மேடை ஏறினார். முதல் அங்கத்தோடு குரல் கைவிட்டது, நிறுத்திவிட்டார். மறுநாள் பத்திரிகைகள் அவரைத் திமிர் பிடித்தவர் என்று கிழித்தன. ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கின் முடிவில், மாற்றுப் பாடகரை ஏற்பாடு செய்யாத அரங்கின் மேல்தான் தவறு என்று தீர்ப்பாயிற்று. ஆனால் அதற்குள் அவர் பெயருக்கு விழுந்த அடி விழுந்ததுதான்.

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்வு நம் கோடம்பாக்கத்தில் நடந்தது. 1969-ல் வெளிவந்த ‘அடிமைப் பெண்’ படத்துக்காக, கே.வி. மகாதேவன் இசையில் ‘ஆயிரம் நிலவே வா’ பாட்டைப் பாட, பெரிதாக யாருக்கும் தெரியாத ஓர் இளைஞரைத் தேர்ந்தெடுத்தார்கள். எஸ்.பி. பாலசுப்ரமணியம். ஒத்திகை எல்லாம் முடிந்த பிறகு அவருக்கு டைபாய்டு வந்து படுத்துவிட்டார். எம்.ஜி.ஆர். நினைத்திருந்தால் அன்றைக்கு வேறு குரலுக்கா பஞ்சம்? டி.எம்.எஸ். இருந்தார். ஆனாலும் அந்தப் பையன் எழுந்து வரும்வரை பாட்டை நிறுத்தி வைத்தார்கள். எம்.ஜி.ஆர். படத்தில் பாடப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பாய், வேறு ஒருவரைப் பாட வைத்தால் உன்னை வேண்டாம் என்று தள்ளியதாக நினைப்பார்களே என்று எம்.ஜி.ஆர். காரணம் சொன்னதாக எஸ்.பி.பி. பிற்காலத்தில் நெகிழ்ந்து பேசியிருக்கிறார். அந்தக் காய்ச்சலோடு எழுந்து வந்து பாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. காத்திருந்ததால் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். 2020-ல் அவர் மறைந்து, திருவள்ளூர் மாவட்டம் தாமரைப்பாக்கத்தில் அடக்கம் செய்யப்படும்வரை, அரை நூற்றாண்டுக்கு அந்தக் குரல் நம்மோடு இருந்தது.

ஒலிப்பதிவைத் தள்ளி வைக்கலாம், ஆடி வெள்ளியைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. அதற்குத்தான் இரண்டாவது குரல். இதை வெளிநாட்டிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைப் பாருங்கள். வேஷக்காரர் ஓர் அடி பாடினால், பின்னால் நிற்கும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுகிறார்கள். அவர் ஆடி மூச்சு வாங்குகிற நேரமெல்லாம் பாட்டு அறுந்து போவதில்லை. கர்நாடகக் கச்சேரியில் குருவின் பின்னால் சிஷ்யர் உட்கார்ந்து துணைக்குப் பாடுவதும், எம்.எஸ்.சுப்புலட்சுமியின் பக்கத்தில் ராதா விசுவநாதன் இருந்து பாடியதும் அழகுக்காக மட்டும் இல்லை. ஒரு குரல் தளர்ந்தால் இன்னொரு குரல் அந்த இடத்தைத் தாங்கிக்கொள்ளும். ஒற்றை ஆளின் தொண்டையை நம்பி ஒரு ராத்திரி முழுவதையும் தொங்கவிடக் கூடாது என்று நம் முன்னோருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே விழாக் குழுவில் இருக்கிறவர்களுக்கும் இசைக் குழு நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேதி பேசி அட்வான்ஸ் கொடுக்கும்போதே மூன்று விஷயத்தைப் பேசிவிடுங்கள். உடம்பு முடியாவிட்டால் யார் பாடுவார், அவருக்கு எந்தெந்தப் பாட்டு என்ன சுருதியில் தெரியும், உடம்பு முடியாதவருக்கு அன்றைய சம்பளத்தில் பாதியாவது உண்டா. இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால், “பாடலாமாண்ணா?” என்று கேட்கிற பெண் பயமில்லாமல் உண்மையைச் சொல்வாள். கேட்க வந்திருக்கிற நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லை, வேறொருவர் பாடுவார் என்று மைக்கில் சொன்னதும் விசில் அடித்துக் கத்தாமல், வந்து நிற்கிற புதுக் குரலுக்கு முதல் பாட்டிலேயே கை தட்டுங்கள். அடுத்த வாரம் அவரும் நலமாகி வந்து நம் தெருவிலேயே பாடுவார்.